குனிந்து எடுத்த அளவு

எங்கள் தையற்கூடத்தில் அளவெடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டேப்பைப் பிடித்துச் சொல்வார், இன்னொருவர் அளவு நோட்டில் எழுதுவார். மார்பு முப்பத்தெட்டு, கை இருபத்துநாலு என்று வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நடுவில் "இடது ஒண்ணு" என்று ஒரு குரல் வரும். வந்திருப்பவர் அதையும் ஏதோ அளவு என்றுதான் நினைத்துக்கொள்வார். அது அளவு இல்லை. இடது தோள் இறங்கியிருக்கிறது என்று பொருள். "ரெண்டு" என்றால் முதுகில் கூன். "மூணு" என்றால் தொப்பை. நாலும் ஐந்தும்கூட உண்டு, அதையெல்லாம் வெளியே சொன்னால் என் வேலை போய்விடும்.

இந்த எண்களைக் கொண்டுவந்தவர் என் அத்தான், அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர். அவருக்கு முன்னால் இங்கே கத்திரி பிடித்தவர் வாய்க்குப் பூட்டே இல்லாத மனிதர். கோட்டு தைக்க வந்த ஓர் இளம் வக்கீலை நடுக்கூடத்தில் நிறுத்தி, "முதுகுல நல்லா கூன் இருக்கு, எழுதிக்கோ" என்று எல்லார் காதிலும் விழும்படி முழங்கினார். தனக்குத் தைத்த கோட்டை வாங்க அந்த வக்கீல் வரவே இல்லை. ஒரு வருடம் அது கொக்கியில் தொங்கியது. அத்தான் அதன் எதிரே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். கத்திரி தன் கைக்கு வந்த முதல் நாளே குறைகளுக்கெல்லாம் எண் போட்டுவிட்டார். "ஒருத்தரோட குறை துணிக்குத் தெரிஞ்சா போதும், ஊருக்கு எதுக்கு?" என்றார்.

அவரை எல்லாரும் சாக்பீஸ் மாஸ்டர் என்பார்கள். துணியில் கோடு போடும் சாக்கை வலது காதுக்கு மேல் செருகிக்கொள்வார். அதனால் அந்தக் காது எந்நேரமும் வெள்ளையடித்த மாதிரி இருக்கும். சின்ன வயதில் ஆறு வருடம் வீடு வீடாகப் பேப்பர் போட்டவர். பேப்பர்ப் பையை மாட்டி மாட்டி இடது தோள் அரை அங்குலம் இறங்கிவிட்டது. ஆக, எங்கள் கூடத்தின் முதல் "இடது ஒண்ணு" அவரேதான்.

என் அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தது அத்தான்தான். மூன்று மாதம் கழித்துத் துவைத்து மடிக்கும்போதுதான் கவனித்தாள், ஒரு கை மற்றொன்றைவிட அரை அங்குலம் குட்டை. ஏமாற்றிவிட்டான் என்று கொதித்துப் போய்ச் சண்டைக்குக் கிளம்பினாள். அத்தான் அவளை நிற்கவைத்து, இரண்டு கையையும் நீட்டச் சொல்லி டேப்பை வைத்துக் காட்டினார். அவள் வலது கைதான் அரை அங்குலம் குட்டை. இருபத்துமூன்று வருடம் அவளுக்கே தெரியாத விஷயம். "சொன்னா சங்கடப்படுவீங்கன்னு சொல்லல" என்றாராம். சண்டை போடப் போனவள் கல்யாணம் பண்ணிக்கொண்டு திரும்பினாள்.

அந்த மனிதர்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பிறகு எட்டு மாதம் எழுந்திருக்கவில்லை.

என்ன காரணம் என்று கேட்காதவர்கள் இல்லை. கடனா, சண்டையா, யாராவது ஏதாவது சொன்னார்களா? ஒன்றும் இல்லை. காரணம் இருந்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும், அதன் மேல் பழியைப் போட்டிருப்போம். நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் கூடத்தில் இஸ்திரி போடுகிறவன். சூடு எனக்குப் பெட்டியில் மட்டும் இல்லை என்பாள் அக்கா. முதல் மாதத்திலேயே அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "எழுந்து நாலு இடம் போயிட்டு வந்தா எல்லாம் சரியாயிடும், படுத்துக் கிடந்தா யாருக்குத்தான் மனசு நல்லாருக்கும்?" என்று கத்தினேன். அவர் சுவரைப் பார்த்தபடியே "ஆமா மாப்ளே" என்றார். கோபமாக ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். அந்த "ஆமா" இன்னும் என்னைக் குத்துகிறது.

மருந்து அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பியது. அதற்கு நான் அந்த மருத்துவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். தூக்கம் வந்தது, பசி வந்தது, தானாகவே குளித்தார், கூடத்துக்கும் வந்தார். ஆனால் வந்தவர் கட்டிங் மேசைப் பக்கம் போகவில்லை. மூலையில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, பட்டன் துளைக்குக் காஜா எடுத்து, பட்டன் கட்ட ஆரம்பித்தார். இருபது வருடம் கத்திரி பிடித்த கை. "மத்ததெல்லாம் தையல், பிரிச்சு மறுபடி தைக்கலாம். வெட்டினா வெட்டினதுதான். என் கை போச்சு மாப்ளே. நான் இனிமே வேஸ்ட் பீஸ்" என்றார். வெட்டியதுபோக மேசைக்கு அடியில் கூடையில் விழும் துண்டுகளைத்தான் நாங்கள் வேஸ்ட் பீஸ் என்போம். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரி சொன்னார். டிரையல் அறையில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று உண்டு. அதைக் கடக்கும்போது மட்டும் முகத்தை எதிர்ச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

எங்கள் முதலாளியம்மா வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஆஸ்பத்திரி நர்சுங்களுக்கு எண்பது சீருடை ஆர்டர் வந்திருக்கு. இதுவரைக்கும் மாஸ்டருக்காக நானே வெட்டிட்டு இருந்தேன். என் மணிக்கட்டைப் பாரு, வீங்கிக் கிடக்கு. இன்னும் எட்டு வாரம் பார்ப்பேன். எட்டாவது வாரம் புதன்கிழமை வேற கடையில வெட்டுற மாஸ்டர் ஒருத்தர் இங்க வர்றேன்னு சொல்லியிருக்காரு. எனக்கு இருக்கிறது ஒரே ஒரு மேசை."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் கணக்கு எனக்குப் புரிந்தது. வேறொருவர் அந்த மேசைக்கு வந்துவிட்டால் அத்தான் சாகும்வரை முக்காலிதான். அதைவிட எனக்குப் பயமாக இருந்தது, அத்தானிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி. "நல்லது. அவங்களுக்கும் நல்ல ஆள் வேணும்ல" என்றார்.

எட்டு வாரம் என்று முதலாளியம்மா சொன்னதற்குக் காரணம் இருந்தது. மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது, மறுபடி விழாமல் இருக்க மருந்தோடு சேர்த்து இன்னொன்றும் வேண்டும் என்று மருத்துவர் அத்தானை ஒரு பயிற்சிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை பிற்பகல், வாரத்துக்கு ஒரு நாள், எட்டு வாரம். என்ன பயிற்சி என்று கேட்டேன். மூச்சு விடுவதைக் கவனிப்பது என்றாள் அக்கா. "பொறந்ததுலேர்ந்து விட்டுட்டு இருக்கோம், அதுக்கு ஒரு கிளாஸா?" என்று நான் சிரித்தேன். "நீதான் கூட்டிட்டுப் போற" என்றாள் அவள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் வழக்கம்.

மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், கை கால் உடைந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அறை அது. ஓரத்தில் பந்துகளும் கைப்பிடிக் கம்பிகளும் கிடந்தன, தரையில் நீல நிற மெத்தைகள். அத்தானையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். நடத்தியவர் ஓர் இளம் பெண், மனநல ஆலோசகர், பெரிய கண்ணாடியும் அதைவிடப் பெரிய கைப்பையும். நான் வாசலில் பெஞ்சியில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்ததைக் கவனித்துவிட்டார். "கூட வந்தவங்களும் உள்ள வரலாம். ஆனா ரெண்டு நிபந்தனை. எல்லாரும் செய்யறதை நீங்களும் செய்யணும். பேசக் கூடாது." முதல் நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டேன்.

படுக்கச் சொன்னார். கால் கட்டைவிரலில் என்ன தெரிகிறது என்று பாருங்கள் என்றார். பிறகு குதிகால், முழங்கால், தொடை. "எதையும் சரி பண்ண வேண்டாம். நல்லா இருக்கா இல்லையான்னு மார்க் போட வேண்டாம். இருக்கிறதை இருக்கிற மாதிரி கவனிச்சா போதும். மூச்சையும் மாத்த வேண்டாம், வர்ற மாதிரி வரட்டும்." இந்தக் கடைசி வரியை நான் இருபது வருடமாகக் கேட்டிருக்கிறேன். டேப்பைச் சுற்றியதும் ஆட்கள் எல்லாரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், அல்லது நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள். அப்போதெல்லாம் அத்தான் சொல்வது இதுதான்: "நேரா பாருங்க. மூச்சைப் பிடிக்காதீங்க, வர்ற மாதிரி வரட்டும்." திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. காதைக் கொடுத்துக் கேட்டால், "உள்கால் இருபத்தொன்பது, தொடை இருபத்திரெண்டு."

வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன். "என்ன அத்தான், அளவெடுத்துட்டு இருந்தீங்க?"

"வேற எப்படி உடம்பைப் பார்க்கிறதுன்னு எனக்குத் தெரியல மாப்ளே."

வகுப்பில் நான் தூங்கிப் போயிருந்ததால் மேற்கொண்டு அறிவுரை சொல்லும் நிலையில் இல்லை. அந்த அறையில் குறட்டை விட்டது நான் ஒருவன்தான். நோயாளிகள் எல்லாரும் விழித்திருந்தார்கள்.

வாரங்கள் போயின. தினமும் வீட்டில் செய்யவும் ஒன்று உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து கால்மணி நேரம் மூச்சைக் கவனிக்க வேண்டும். நினைப்பு எங்காவது ஓடினால் "ஓ, ஒரு நினைப்பு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, திட்டாமல் திரும்பி வர வேண்டும். "நினைப்பு என்பது நினைப்பு மட்டும்தான். அது செய்தி இல்லை" என்பார் ஆலோசகர். அத்தான் இதை ஒழுங்காகச் செய்தார் என்று அக்கா சொன்னாள். ஒரு நாள்கூட விடவில்லை. ஆனாலும் முக்காலியை விட்டு நகரவில்லை. நான்காவது வாரம் முடிந்தபோது கட்டிங் மேசை மேல் தூசி படியாமல் துடைத்து வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "வரப்போறவருக்கு" என்றார்.

ஐந்தாவது வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம் இருந்தது. 'உங்களை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்' என்று ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். விரும்பினால் படிக்கலாம். சிலர் படித்தார்கள், ஒருவர் அழுதார். அத்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அளவு நோட்டிலிருந்து கிழித்த தாள், கட்டம் போட்டது. அதில்தான் எழுதியிருந்தார். எழுந்து நின்று, குரல் ஏறாமல் இறங்காமல் படித்தார்.

"தோள், இடது பக்கம் கோணல். முதுகு, கூன். வயிறு, தொங்கல். கை, போச்சு. முகம், பார்க்கிற மாதிரி இல்ல. மொத்தத்துல வேஸ்ட் பீஸ்."

ஆலோசகர் கேட்டார். "உங்ககிட்ட தைக்க வர்றவங்களுக்கும் நோட்டுல இப்படித்தான் எழுதுவீங்களா?"

அத்தான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நிபந்தனை எனக்கு மறந்து போயிற்று. "இல்லீங்க! நம்பர் போடுவாரு! கூன்னுகூட வாயைத் திறந்து சொன்னதில்ல, ரெண்டுன்னுதான் சொல்வாரு. யார் மனசும் நோகக் கூடாதுன்னு அதைக் கொண்டுவந்ததே அவருதாங்க!" என்று எழுந்து நின்று கத்திவிட்டேன்.

அத்தான் என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார். "அது வர்றவங்களுக்கு மாப்ளே. அவங்களுக்கு நோகும். எனக்கு என்ன நோகப் போகுது?"

"நோகலையா?" என்று ஆலோசகர் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அத்தான் உட்கார்ந்தார். தாளை நாலாக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார். அதற்குமேல் மடிக்க முடியாமல் கைக்குள் வைத்துக்கொண்டார். அன்று பேருந்திலும் அந்தத் தாள் அவர் கைக்குள்ளேயே இருந்தது. இறங்கும்போது, "நோகுதுதான்" என்றார்.

அதற்குப் பிறகு ஏதோ ஒன்று அவருக்குள் அசைந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஏழாவது வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவர் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தார். காலையில் அக்கா காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில் பீரோவிலிருந்து தன் பழைய கத்திரியை எடுத்தார். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, கோடு போட்ட துணி ஒன்றை விரித்தார். தனக்கே ஒரு சட்டை வெட்டினார். கை இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அக்கா திரும்பி வந்தபோது வீட்டுத் தையல் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாராம். அவள் மூச்சே விடாமல் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம், சந்தோஷத்தைக் காட்டினால் கெட்டுவிடுமோ என்று.

மூன்று மணிக்கு எனக்குப் போன் வந்தது. "உடனே வாடா."

நான் போனபோது அத்தான் படுக்கையறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். செருப்பு போட்டிருந்தாரா என்றுதான் என் கண் முதலில் போனது. இல்லை. கட்டில் ஓரத்தில் புதுச் சட்டை சுருண்டு கிடந்தது.

"போட்டுப் பார்த்தாருடா" என்றாள் அக்கா, வாசலில் கையைப் பிசைந்துகொண்டு. "மார்புல பட்டன் பிடிச்சு இழுக்குது. முன்பக்கம் மேல ஏறி நிக்குது. கழட்டிப் போட்டுட்டுப் போய்ப் படுத்துட்டாரு."

அத்தான் திரும்பாமலே பேசினார். "சொன்னேன்ல மாப்ளே. கை போச்சு. செவ்வாய்க்கிழமை வகுப்புக்கும் வரல. புதன்கிழமை அவரை வரச் சொல்லிடுங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவர் மேல் இல்லை. அந்தச் சட்டை மேல். இத்தனை வாரம் பேருந்து மாறி மாறிப் போய் வந்த மனிதரை இரண்டு கஜம் துணி திரும்பவும் படுக்கையில் தள்ளிவிட்டதே என்று. கிழித்துப் போடுவதற்காகத்தான் அதைக் கையில் எடுத்தேன், பொய் சொல்வானேன். எடுத்ததும் கிழிக்க முடியவில்லை. பையின் கோடும் சட்டையின் கோடும் ஒரே கோடாக ஓடின. பை எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தால்தான் தெரிந்தது. காலரின் இரண்டு முனையிலும் கோடுகள் ஒன்றுக்கொன்று எதிரே நின்றன. நான் பத்தாயிரம் சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கிறேன். போன கை இப்படி வெட்டாது.

"அளவு எழுதின தாள் எங்க?" என்றேன்.

மேசை மேல் இருந்தது. மார்பு 38, முன் நீளம் 27. சட்டையை விரித்து டேப்பை வைத்தேன். நீளம் இருபத்தேழு. மார்பு, முப்பத்தெட்டுக்கு விட வேண்டிய இளக்கத்தோடு சரியாக இருந்தது. திருப்பிப் போட்டு மறுபடி அளந்தேன். கால் அங்குலம்கூடப் பிசகவில்லை.

"அத்தான், இந்த அளவை யார் எடுத்தது?"

அவர் போர்வையை இழுத்துக்கொண்டார். 

"அக்கா, நீ எடுத்தியா?"

"நான் வீட்டுலயே இல்லையேடா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அக்கா என்னை அடிக்க வந்தாள். தையல் தொழிலில் முதல் நாள் எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு: தனக்குத் தானே அளவெடுக்காதே. ஏனென்றால் டேப்பில் என்ன எண் என்று பார்க்க ஆள் குனிவான். குனிந்தால் நெஞ்சு ஒடுங்கும், முன்பக்கம் சுருங்கும், எண் குறைந்துவிடும். எங்கள் கூடத்தில் எங்களில் யாருக்குச் சட்டை தைத்தாலும் இன்னொருவர்தான் அளப்பார். அத்தானுக்கு எப்போதும் நான்தான் அளப்பேன். இந்தத் தடவை அவர் யாரையும் கூப்பிடவில்லை. தன் உடம்பை ஒருவர் டேப்பை வைத்துப் பார்ப்பதை அவரால் தாங்க முடியவில்லை. முப்பத்தெட்டு என்று எண் வந்தபோது, நாற்பதுக்கு மேல் இருந்தவர் சுருங்கிப் போய்விட்டேன் என்று அப்படியே நம்பிவிட்டார்.

"எழுந்திருங்க அத்தான். இதைப் போடுங்க."

"வேண்டாம் மாப்ளே."

"ஒரே ஒரு தடவை. அப்புறம் நானே அந்த ஆளை வரச் சொல்றேன்."

எழுந்தார். போட்டுக்கொண்டார். அக்கா சொன்ன மாதிரியே பட்டன் இழுத்தது, கீழ்ப்பக்கம் மேலே ஏறி நின்றது. "இப்ப குனிஞ்சு உங்க வயித்தைப் பாருங்க" என்றேன். ஏதோ கிண்டல் என்று நினைத்து என்னை முறைத்தார். "பாருங்கன்னா பாருங்க!"

குனிந்தார். பட்டன் இழுப்பது நின்றது. ஏறியிருந்த முன்பக்கம் இறங்கி இடுப்பில் சரியாக உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை. தலையைத் தொங்கப் போட்டுத் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனுக்கு, அதைவிடக் கச்சிதமான சட்டையை யாராலும் வெட்ட முடியாது.

"உங்க கை எங்கயும் போகல அத்தான். எழுதினதை எழுதினபடி வெட்டியிருக்கு. எழுதினதுதான் தப்பு" என்றேன்.

அவர் குனிந்தபடியே நின்றார். நெடுநேரம் நின்றார். ஒரு சொட்டு நீர் கோடு போட்ட துணியில் விழுந்து பரவியது. அக்கா ஓடி வந்து அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "இதுக்குப் போயா படுத்தீங்க? இதுக்குப் போயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் டேப்பைத் தேடுகிற சாக்கில் முன்னறைக்குப் போய்விட்டேன். எனக்கும் மூக்கு உறிஞ்ச வேண்டியிருந்தது.

டேப்போடு திரும்பி வந்தேன். அக்கா கையில் தாளும் பேனாவும் கொடுத்தேன். அத்தான் அறை நடுவில் நின்றார். டேப்பை மார்பைச் சுற்றிப் போட்டதும் அவர் கண் தன்னால் கீழே போனது.

"நேரா பாருங்க" என்றேன். "மூச்சைப் பிடிக்காதீங்க. வர்ற மாதிரி வரட்டும்."

என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். வெளியே யாரோ கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் நெஞ்சு ஏறி இறங்குவது டேப்பில் தெரிந்தது. மூன்று மூச்சு விட்டுத்தான் படித்தேன்.

"மார்பு நாப்பதரை. முன் நீளம் இருபத்தொன்பது. இடது ஒண்ணு." கொஞ்சம் தயங்கினேன். "மூணு."

"மூணா?" என்றார், ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"லேசா மூணு அத்தான். மாத்திரை போட்டா கொஞ்சம் வரும்னு டாக்டரே சொன்னாருல்ல."

"ரெண்டு?"

"ரெண்டு இல்ல."

"நல்லாப் பாரு."

"பார்த்துட்டேன். இல்லவே இல்ல."

இடது ஒண்ணு, லேசா மூணு என்று அக்கா எழுதிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அந்த எண்களுக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். எழுதி முடித்துவிட்டு, "வலது கை அரை அங்குலம் குட்டைன்னா அது என்ன நம்பர்?" என்று கேட்டாள். அத்தான் சிரித்தார். நெடுநாள் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். முன்பு மாதிரி பெரிதாக இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போனோம். அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு போய், எல்லாருக்கும் நடுவில் போட்டுக் காட்டி, குனிந்தும் நிமிர்ந்தும் காட்டினார். ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அடுத்த குழுவுக்கு நான் இதைச் சொல்லலாமா?" என்று கேட்டார். "சொல்லுங்க. என் பேரு மட்டும் வேண்டாம்" என்றார் அத்தான். நானும் அந்த வாக்கைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

புதன்கிழமை காலையில் முதலாளியம்மா வாசலிலேயே நின்றார். நான் விஷயத்தைச் சொல்லியிருந்ததால், வரவிருந்தவரை ஒரு நாள் பொறுக்கச் சொல்லியிருந்தார். நர்சுகளின் வெள்ளைத் துணி மேசையில் விரிந்திருந்தது. அத்தான் அதன் முன் நின்று கத்திரியை எடுத்தார். கை நடுங்கியது. எல்லாரும் அவரவர் வேலையைப் பார்ப்பது மாதிரி நடித்தோம், ஒரு மெஷினும் ஓடவில்லை. "நடுங்குது" என்றார் தனக்குத் தானே, மழை பெய்கிறது என்பது மாதிரி. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, நடுக்கம் முழுதாக நிற்பதற்கு முன்னாலேயே, வெட்ட ஆரம்பித்தார். மதியத்துக்குள் அவர் காது வெள்ளையாகிவிட்டது.

அந்தக் கோடு போட்ட சட்டையைத் தூசி துடைக்கும் துணியாக எடுத்துக்கொள்ளவா என்று அக்கா கேட்டாள். அத்தான் கொடுக்கவில்லை. கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். மருந்தும் பயிற்சியும் இன்னும் நடக்கின்றன. நல்ல நாளும் வருகிறது, கெட்ட நாளும் வருகிறது.

போன மாதம் ஒரு காலையில் அவர் தாமதமாக வந்தார். சாக்பீஸை எடுத்தார், திரும்ப வைத்தார். கொஞ்ச நேரம் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தச் சட்டையை எடுத்துப் போட்டு, பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார். தலை தொங்கியிருந்தது, பட்டன் எதுவும் இழுக்கவில்லை.

"இன்னைக்குப் பொருந்துது மாப்ளே" என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, வந்திருந்தாலும் கேட்க எனக்குக் காது இல்லை. நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு டேப்பை எடுத்தேன். முதலாளியம்மா ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்து அளவு நோட்டைப் பிரித்தார்.

"நேரா பாருங்க அத்தான்" என்றேன். "அவசரம் ஒண்ணும் இல்ல."